‘எலும்பு விலகியிருக்கிறது’ என்கிறார்கள்: உண்மையில் எது விலகுகிறது?

முதுகுவளைந்தான்

பதினொரு வாரங்களாக எனக்கு இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கமாக வலி இருக்கிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. வலி பிட்டம் வரை இறங்குவதுண்டு. முழங்காலுக்குக் கீழே போனதில்லை. காலையில் காலுறை அணியக் குனிவதுதான் அன்றைய முதல் சோதனை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல உள்ள வட்டு (டிஸ்க்) சற்றுப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது.

ஒருவர் சொன்னதைக் கேட்டு முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருத்தும் கைரோபிராக்டிக் முறையின் நிபுணர் ஒருவரிடம் சென்றேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு தோளைப் பின்னாலும் இடுப்பை முன்னாலும் திருப்பிச் சட்டென்று அழுத்தினார். ‘சடக்’ என்று சத்தம் கேட்டது. எழுந்து நின்றபோது பாதி வலி காணாமற்போயிருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு நாள்களில் அது அப்படியே திரும்பிவிட்டது. இடுப்பெலும்பு விலகியிருப்பதாகவும், அதைத் தன் இடத்தில் நிலைநிறுத்த மூன்று மாதங்களில் இருபத்து நான்கு முறை வரவேண்டும் என்றும் அவர் சொல்கிறார்.

அந்தச் சத்தம் எலும்பு தன் இடத்தில் பொருந்தும் சத்தம்தானா? பொருந்தியது என்றால் இரண்டு நாள்களில் ஏன் மீண்டும் விலகுகிறது? இருபத்து நான்கு முறையும் சென்று வந்தால் தீருமா, அல்லது இயன்முறைப் (பிசியோதெரபி) பயிற்சிதான் வழியா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

இயன்முறைக்காரி

வணக்கம் நண்பரே. நான் இயன்முறை சிகிச்சையாளர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக முதுகுவலிக்காரர்களோடுதான் என் பொழுது கழிகிறது. பதில் சொல்லும் முன் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். சிறுநீர் கழிப்பதில் புதிதாகத் தடையோ, மலம், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போவதோ உண்டா? சைக்கிள் இருக்கையில் அமரும்போது படும் பகுதி மரத்துப் போயிருக்கிறதா? இரு கால்களும் வலுவிழக்கின்றனவா? காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, அண்மையில் விழுந்து அடிபட்டது ஆகியவற்றில் ஏதேனும் உண்டா? முதல் மூன்றில் ஒன்றிருந்தாலும் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போலப் பிரியும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள் அவை, அங்கே மணிக்கணக்கும் முக்கியம். மற்றவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் எவர் கையிலும் முதுகைக் கொடுக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லை என்று கொண்டு மேலே எழுதுகிறேன். அந்தச் சத்தம் விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்கும் அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது அழுத்தம் குறைந்து, அத்திரவத்துக்குள் வளிக்குழி ஒன்று தோன்றுகிறது. 2015இல் விரல் மூட்டை இழுத்து நெட்டி விழும் கணத்தையே எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்துக் காட்டினார்கள். குழி உருவாகும்போது சத்தம் வருகிறதா, ஓரளவு நொறுங்கும்போதா என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. எலும்பு தன் இடத்தில் உட்காரும் சத்தம் என்று அந்த வாதத்தில் எவரும் சொல்லவில்லை. நெட்டி முறித்த விரலை உடனே மறுபடி முறிக்க முடியாது, ஏறக்குறைய இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது சிறு வயதிலேயே நம் எல்லாருக்கும் தெரிந்த செய்திதானே.

‘விலகல்’ பற்றியும் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1998இல் வெளியானது. இடுப்பெலும்பும், முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பான திரிகமும் சேரும் மூட்டில் எலும்பின் நிலையை மிக நுட்பமான எக்ஸ்ரே அளவீட்டால் கணக்கிட்டு, கையால் திருத்தம் செய்தபின் மறுபடியும் கணக்கிட்டார்கள். தொட்டுப் பார்த்துச் சோதித்தவர்கள் நிலை சரியாகிவிட்டதாகவே கண்டார்கள். அளவீட்டிலோ எலும்பு நகரவே இல்லை. அப்படியானால் உங்களுக்குக் கிடைத்த ஆறுதல் பொய்யா என்றால், இல்லை. மூட்டையும் தசையையும் விரைவாக நீட்டும்போது அங்குள்ள நரம்பு முனைகளிலிருந்து பெருமளவு செய்தி தண்டுவடத்துக்குச் செல்கிறது. இறுகிய தசை தளர்கிறது. வலியுணர்வு சிறிது நேரத்துக்கு மட்டுப்படுகிறது. மெய்யான ஆறுதல்தான், ஆனால் ஆயுள் குறைவு. இரண்டு நாளில் திரும்பியது எலும்பு விலகியதால் அன்று. அந்த மட்டுப்படுத்தல் தீர்ந்துபோனதால்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கண்டும் கலங்க வேண்டாம். முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. நரைமுடியைப் போலத்தான் அதுவும். உங்கள் வலிக்கு அந்தப் பிதுக்கம்தான் காரணம் என்று, கால் வரை இறங்கும் நரம்பு வலி இல்லாத நிலையில், உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்விக்குறி

இத்தனை மென்மையாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. இந்த முறை பிறந்த கதையைப் பாருங்கள். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், கேட்கும் திறன் குறைந்திருந்த ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகில் புடைத்திருந்த முள்ளெலும்பை அழுத்தியதாகவும், அவருக்குக் காது கேட்டதாகவும் சொன்னார். அதிலிருந்து, முள்ளெலும்புகள் சிறிதே விலகி நரம்பின் ஓட்டத்தைத் தடுப்பதுதான் பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்ற கோட்பாட்டை எழுப்பி, 1897இல் பள்ளியும் தொடங்கிவிட்டார். காதுக்குச் செல்லும் செவி நரம்போ மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டோடு சேர்கிறது. முதுகெலும்பின் பக்கமே அது வருவதில்லை. அடித்தளம் இப்படியிருக்க, இருபத்து நான்கு முறை வரச் சொல்வது சிகிச்சைத் திட்டமா, சந்தாவா?

கைவைத்தியன்

நான் கைரோபிராக்டிக் பயின்று தொழில் செய்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

பால்மரின் கோட்பாட்டை நான் காக்கப் போவதில்லை. பிரிட்டனில் எங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010இல், முள்ளெலும்பு விலகல் என்பது வரலாற்றுக் கருத்து மட்டுமே, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது. அதை ஏற்காதவர்கள் எங்களிடையே இன்றும் இருக்கிறார்கள். ‘விலகியிருக்கிறது’ என்று சொல்லிப் பயமுறுத்தி நீண்ட தொகுப்புகளை முன்கூட்டியே விற்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. இழையைத் தொடங்கியவரிடம் அப்படிச் சொன்னவரின் பேச்சுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் தொடக்கம் கோணலாக இருந்ததால் இன்றைய செயல்முறை முழுவதும் கோணல் என்று முடிவுகட்டுவது நியாயமன்று. அக்காலத்து மருத்துவத்தில் எத்தனை கோட்பாடுகள் நிலைத்தன? அமெரிக்க மருத்துவர் சங்கம் எங்களைப் புறக்கணிக்கச் சதி செய்து போட்டிச் சட்டத்தை மீறியது என்று 1987இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அது எங்கள் சிகிச்சைக்குச் சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய பகையின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டவே சொன்னேன்.

சான்றையே பேசுவோம். 2019இல், நாள்பட்ட இடுப்புவலிக்குச் செய்யப்பட்ட 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதுகெலும்பைக் கையால் திருத்தும் சிகிச்சை, பரிந்துரைக்கப்படும் பிற சிகிச்சைகளுக்கு ஏறத்தாழச் சமமான பலனைத் தருவதாகவே தெரிந்தது. அற்புதமும் இல்லை, வெறுங்கையும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், மாத்திரைக்கு முன் முயலத்தக்கவற்றுள் சூட்டு ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றிருக்கிறது.

அம்மையாரிடமும் ஒரு கேள்வி: இயன்முறைக் கூடங்களில் நோயாளியைப் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்டு கருவியைத் தேய்த்து, மின்தூண்டல் பட்டைகளை ஒட்டி, இடுப்பை இழுவைக் கருவியில் பூட்டி அரை மணி நேரம் விட்டுவிடுகிறார்களே, அதற்கு எங்களைவிட நல்ல சான்று இருக்கிறதா?

இயன்முறைக்காரி

இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் இழுவை, அல்ட்ராசவுண்டு, மின்தூண்டல், இடுப்புப் பட்டை ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்ற பக்கத்தில் வைத்திருக்கிறது. உங்கள் கைத்திருத்தமோ, உடற்பயிற்சி, நோயாளிக்குத் தரும் விளக்கம் ஆகியவற்றோடு சேர்த்துச் செய்யலாம் என்ற பக்கத்தில் இருக்கிறது. என் கூடத்தின் மூலையில் இழுவைக் கட்டில் ஒன்று இன்னும் கிடக்கிறது; இப்போது அதன்மேல் துண்டுகளை மடித்து வைக்கிறோம்.

எனினும் ‘சேர்த்து’ என்ற சொல்லை நான் விடமாட்டேன். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கைச்சிகிச்சையைப் பயிற்சியோடு கூடிய தொகுப்பின் பகுதியாக மட்டுமே எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. கை தரும் ஆறுதல் ஒரு சன்னல் திறப்பது போன்றது. இரண்டு நாள் திறந்திருக்கிறது. அந்த இரண்டு நாளில் எழுந்து நடந்து, குனிந்து, தூக்கிப் பழகுபவருக்கு அடுத்த முறை சன்னல் அவ்வளவு தேவைப்படாது. படுத்தபடி அடுத்த சந்திப்புக்குக் காத்திருப்பவர் இருபத்து நான்காவது முறையிலும் முதல் நாளின் முதுகோடுதான் வருவார்.

மெதுவோட்டம்

முதுகைப் பற்றி எனக்குத் தெரியாது. குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாரில் ஓராண்டு வலியைச் சுமந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அழுத்திவிட்டார்கள், ஐஸ் வைத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வில் வலி போகும். ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் வந்து நிற்கும்.

பிறகுதான் சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் அல்பிரட்சன் 1998இல் வெளியிட்ட முறையை ஒருவர் எனக்குக் கற்றுத் தந்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலியுள்ள குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். ஏறும்போது மற்றக் காலின் துணையால் ஏற வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறையாக மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், பன்னிரண்டு வாரங்கள். ஒரு நாளைக்கு 180 முறை. வலித்தாலும் செய், வலிக்காமற்போனால் முதுகுப்பையில் எடை சேர் என்பது அதன் விதி. அல்பிரட்சனுக்கே அந்த வலி இருந்ததாம். அறுவை செய்ய மேலதிகாரி மறுத்துவிட்டதால், தசைநார் அறுந்தாலாவது அறுவை நடக்கும் என்று வேண்டுமென்றே சுமையேற்றியிருக்கிறார். அறுவதற்குப் பதிலாக அது குணமாகிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு வாரங்கள் சொல்லொணாச் சலிப்பு. ஆறாவது வாரம் வரை எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. இப்போது ஓடுகிறேன். கனமான எடையோடு மெதுவாக, வாரம் மூன்று நாள் மட்டும் செய்தாலும் ஒத்த பலன் கிடைக்கிறது என்று 2015இல் வந்த ஆய்வு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, வயிற்றெரிச்சல்.

பழைய செவிலி

பேச்சு இடுப்பிலேயே சுற்றுகிறது. கழுத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக ஏறி, மேலே உச்சி முள்ளெலும்பைச் சுற்றி வளைந்து செல்கின்றன. கழுத்தைச் சட்டென்று திருகும்போது இத்தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. நேர்ந்துவிட்டால் திருத்த முடியாதது.

கைவைத்தியன்

இதை மறுக்கவில்லை; ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியவருக்குக் கழுத்துவலியும் தலைவலியும்தான் முதலில் வரும். அந்த வலிக்காகவே அவர் எங்களிடமோ குடும்ப மருத்துவரிடமோ வருவார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவை வைத்து 2008இல் வந்த ஆய்வு, கைரோபிராக்டரைப் பார்ப்பதற்கும் இத்தகைய பக்கவாதத்துக்கும் தொடர்பு இருந்ததைப் போலவே, குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருந்ததைக் காட்டியது. எது காரணம், எது உடனிகழ்வு என்று பிரிப்பது கடினம்.

பழைய செவிலி

அந்த வாதத்தை ஏற்றாலும், முடிவு உங்கள் பக்கம் சாயவில்லையே ஐயா. கிழியத் தொடங்கிய தமனியோடு ஒருவர் வரக்கூடும் என்றால், அவர் கழுத்தை வேகமாகத் திருகுவது அதைவிடக் கெடுதல் அல்லவா? முன்பு கண்டிராத வகையில் திடீரென வந்த கடும் கழுத்துவலி அல்லது தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரத்த உணர்வு, நடையில் தள்ளாட்டம் ஆகிய இவற்றில் ஏதேனும் இருந்தால் கழுத்தில் எவர் கையும் படக்கூடாது.

கைவைத்தியன்

அதில் நமக்குள் வேறுபாடு இல்லை. நானே கடந்த சில ஆண்டுகளாகக் கழுத்தில் வேகத் திருகலைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன்; மெதுவான அசைவும் பயிற்சியுமே போதுமானதாக இருக்கிறது. எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், முடக்குவாதத்தால் மேல்கழுத்து மூட்டு தளர்ந்தவர்கள் ஆகியோரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படி

என் தாயாருக்கு 68 வயது; இரு முழங்கால்களிலும் தேய்மானம். நடந்தால் மேலும் தேயும் என்று பயந்து நடப்பதையே நிறுத்திவிட்டார். கைத்திருத்தம் முழங்காலுக்கு உதவுமா?

இயன்முறைக்காரி

முழங்காலில் கைச்சிகிச்சை இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தும்; அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய பயத்தைப் போக்குவதுதான் முதல் சிகிச்சை. ‘தேய்மானம்’ என்ற சொல் காரின் டயரை நினைவூட்டுகிறது. ஓடினால் தேயும், நிறுத்தினால் மிஞ்சும் என்று எண்ண வைக்கிறது. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லை. கடற்பஞ்சைப் போல, சுமை ஏறும்போது அழுந்தி, இறங்கும்போது திரவத்தை உறிஞ்சித்தான் அது தன் ஊட்டத்தைப் பெறுகிறது. நடக்காத முழங்கால் பட்டினி கிடக்கிறது. அதைத் தாங்க வேண்டிய தொடைத் தசையும் மெலிகிறது.

சற்று உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, மெதுவாக அமரச் சொல்லுங்கள். எட்டு முறையாக இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதானதும் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள். நடையை ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முதுகுவளைந்தான்

எல்லாருக்கும் நன்றி. இயன்முறைக்காரி அம்மா கேட்ட எதுவும் எனக்கில்லை. இப்போது என் குழப்பம் வேறு: பயிற்சி செய்யும்போது வலித்தால் நிறுத்தவேண்டுமா, தொடரவேண்டுமா? மெதுவோட்டம் வலித்தாலும் செய்யச் சொல்கிறார். என் மாமா பத்து நாள் படுத்தே இருக்கச் சொல்கிறார். அமரும் நிலையும் தவறென்கிறார்கள்; நிமிர்ந்து அமர்ந்தால் இன்னும் வலிக்கிறது.

இயன்முறைக்காரி

மாமாவின் அறிவுரையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1995இல் ஹெல்சிங்கி நகரப் பணியாளர்களில் திடீர் முதுகுவலி வந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை இரண்டு நாள் படுக்கவும், இன்னொன்றை முதுகுப் பயிற்சி செய்யவும், மூன்றாவதை வலி அனுமதிக்கும் அளவு வழக்கமான வேலைகளைத் தொடரவும் சொன்னார்கள். மூன்றாவது குழுதான் விரைவாகத் தேறியது. படுத்தவர்கள்தான் பின்தங்கினார்கள். புது வலியில் பயிற்சிக் குழுவும் வழக்கமான வேலைக் குழுவை முந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். பயிற்சியின் பயன், உங்களைப் போல வாரங்கள் கடந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிகிறது.

வலிக்கு நான் சொல்லும் அளவுகோல்: பூச்சியத்திலிருந்து பத்துவரை மதிப்பிட்டால், பயிற்சியின்போது நான்கு வரை ஏறலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் செய்தது தவறு என்று பொருளில்லை, அளவு கூடிவிட்டது. அடுத்த முறை மூன்றிலொரு பங்கு குறையுங்கள். வலி முதுகிலிருந்து காலை நோக்கி இறங்கினால் மட்டும் அந்த அசைவை நிறுத்துங்கள். காலிலிருந்து முதுகை நோக்கி ஏறினால், முதுகில் சற்றுக் கூடினாலும், நல்ல அறிகுறி.

உட்காரும் நிலை பற்றிக் கவலைப்படாதீர்கள். எல்லாருக்கும் சரியான ஒரு நிலை என்று எதுவும் நிறுவப்படவில்லை. அரை மணிக்கொருமுறை நிலையை மாற்றுங்கள், அவ்வளவுதான். தினமும் இருபது நிமிட நடை, நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல், முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பில் குனிந்து ஒரு பையைத் தூக்கி வைத்தல். பையில் முதலில் இரண்டு கிலோ. வாரத்துக்கு ஒருமுறை சிறிது கூட்டுங்கள். கைவைத்தியன் போன்றவர் அருகில் இருந்தால் இடையிடையே அவரிடம் போவதற்கும் எனக்கு மறுப்பில்லை.

கேள்விக்குறி

கடைசி வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

முதுகுவளைந்தான்

ஒன்பது வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இழை பூட்டப்படாமலிருப்பதில் மகிழ்ச்சி. ஐந்தாவது சந்திப்போடு கைத்திருத்தத்தை நிறுத்திக்கொண்டேன். அடுத்த மூன்று முறைக்குள் என்ன முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம், அது வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘எலும்பு இன்னும் நிலைக்கவில்லை’ என்பதுதான் பதிலாக வந்தது. பையில் இப்போது பதினான்கு கிலோ. காலுறை அணியும்போது வலி இருக்கிறது, ஆனால் அதற்காகச் சுவரைப் பிடிப்பதில்லை. வலி ஏழிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது.

நேர்க்கோட்டில் வரவில்லை. ஆறாவது வாரத்தில் ஒரு காலை முதல் நாளைப் போலவே பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நிமிரவே முடியவில்லை. எலும்பு மீண்டும் விலகிவிட்டதோ என்ற எண்ணம், இத்தனையும் படித்த பிறகும், முதலில் வந்தது. பையை இரண்டு கிலோவுக்கு இறக்கி மறுபடி தொடங்கினேன். எட்டே நாளில் பழைய எடைக்கு வந்துவிட்டேன்.

கைவைத்தியன்

அந்த ஆறாவது வாரத்துக்கு முந்தைய வாரத்தில் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் செய்தீர்களா? கனமாக எதையேனும் தூக்கினீர்களா?

முதுகுவளைந்தான்

தூக்கவில்லை ஐயா. வேலையில் கெடு நெருங்கியதால் ஐந்து நாள் நடையையும் பையையும் விட்டுவிட்டு, இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியிருக்கிறேன். குறிப்பேட்டில் அந்த ஐந்து கட்டங்களும் காலியாக இருக்கின்றன.